கல்யாண வீடியோ 20 ஜிபி இருக்கா? ஃபோன்ல பாக்குற சைஸுக்கு சுருக்குறது இப்படித்தான்

கல்யாணம் முடிஞ்சு சில மாசம் கழிச்சு ஸ்டூடியோக்காரங்க ஒரு பென்டிரைவ் கொடுப்பாங்க, அதுல மூணு மணி நேர வீடியோ இருக்கும், சைஸ் பாத்தா 20 ஜிபிக்கு மேல போகும். டிவியில சொருகிப் போட்டா அருமையா ஓடும். ஆனா அதப் பாக்க ஆசைப்படுறவங்க முக்கால்வாசி பேர் அந்த டிவி முன்னாடி இல்லையே. உடம்பு முடியாம கல்யாணத்துக்கு வராத பாட்டி, லீவு கிடைக்காம துபாய்லயே இருந்துட்ட மாமா, பிரசவத்துக்கு நாள் நெருங்கிட்டதால வர முடியாத அக்கா, இவங்க எல்லார் கையிலயும் இருக்கறது ஒரு ஃபோன் தான், அதுலயும் 64 ஜிபி மெமரியில பாதிக்கு மேல ஏற்கனவே ரொம்பியிருக்கும். அந்த 20 ஜிபிய அப்படியே அனுப்பவும் முடியாது, காப்பி பண்ணிக் கொடுத்தாலும் பல ஃபோன் திக்கித் திக்கித்தான் ஓட்டும். அத 2 ஜிபிக்குக் கொண்டு வர்றது எப்படி, எங்க கை வைக்கலாம், எங்க வைக்கவே கூடாதுன்னு முழுசா சொல்றேன். கல்யாண வீடியோவ வச்சுத்தான் சொல்லப் போறேன், ஆனா காது குத்து, ஸ்கூல் ஆண்டு விழா, கும்பாபிஷேகம், ட்யூஷன் ரெக்கார்டிங்னு எதுக்கும் இதே வழி தான்.

மொதல்ல நிறைய பேர் மனசுல இருக்குற ஒரு எண்ணத்த மாத்தணும். "எம்கேவில இருக்கு, எம்பி4க்கு மாத்திட்டா சைஸ் குறைஞ்சிடும்"னு சொல்வாங்க, குறையாது. எம்கேவி, எம்பி4, ஏவிஐ இதெல்லாம் வெளில இருக்குற டப்பா தான், உள்ள இருக்குற வீடியோவ அப்படியே எடுத்து வேற டப்பாவுல போட்டா சைஸ் கிட்டத்தட்ட அதே தான் இருக்கும். ஃபைல் பேர்ல கடைசி மூணு எழுத்த மட்டும் ரீனேம் பண்ணா அது கூட நடக்காது, பேர் மட்டும் தான் மாறும். சைஸ தீர்மானிக்கிறது பிட்ரேட், அதாவது ஒரு செகண்ட் வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவாகுதுங்கறது. அதோட எவ்வளவு நேரம் ஓடுதுங்கறது. இந்த ரெண்டு தான், மூணாவதா ஒண்ணு கிடையாது.

கணக்கு ரொம்ப ஈஸி. பிட்ரேட்ட செகண்டால பெருக்கி 8ஆல வகுக்கணும். மூணு மணி நேரம்னா 10,800 செகண்ட். ஸ்டூடியோ கொடுத்த ஃபைல் 16,000 கேபிபிஎஸ் (செகண்டுக்கு இத்தனை கிலோபிட்) பிட்ரேட்ல இருக்குன்னு வைங்க, 16,000 பெருக்கல் 10,800 வகுத்தல் 8 போட்டா வர்றது கேபி, அத பத்து லட்சத்தால வகுத்தா 21.6 ஜிபி வரும், அந்தப் பென்டிரைவ் ஏன் ரொம்புச்சுன்னு இப்ப புரியும். இதையே வீடியோவுக்கு 1,500, ஆடியோவுக்கு 128, மொத்தம் 1,628 கேபிபிஎஸ்னு எறக்கினா சுமார் 2.2 ஜிபி. இன்னும் எறக்கி மொத்தமே 800ன்னு வச்சா 1.08 ஜிபி. உங்க ஃபைலோட பிட்ரேட் தெரியணும்னா விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ், அதுல டீடெய்ல்ஸ் போனா டோட்டல் பிட்ரேட்னு காட்டும், இல்லன்னா மீடியாஇன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அது இன்னும் விவரமா சொல்லும், எந்த கோடெக் (வீடியோவ சுருக்கி வச்சிருக்கற முறை), செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் (படம்), ஆடியோ என்னன்னு எல்லாமே. கன்வெர்ட் பண்ண உக்கார்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துடுங்க, பின்னாடி வர்ற பாதி முடிவு அதுல இருந்து தான் வரும்.

சரி அப்ப ரெசல்யூஷன, அதாவது படத்துல இருக்குற புள்ளி எண்ணிக்கைய, எதுக்குக் குறைக்கணும், பிட்ரேட்ட மட்டும் குறைச்சா போதாதான்னு கேட்டா, சைஸ் குறையும், ஆனா படம் கட்டம் கட்டமா உடையும். 1080பி படத்துல ஒரு ஃப்ரேமுக்கு 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி, 720பில 9 லட்சத்து 21 ஆயிரத்து 600 தான், பாதிக்கும் கம்மி. கையில இருக்குற கொஞ்சம் டேட்டாவ 20 லட்சம் புள்ளிக்குப் பிரிச்சுக் கொடுக்கறதுக்குப் பதிலா 9 லட்சத்துக்குக் கொடுத்தா ஒவ்வொண்ணும் தெளிவா நிக்கும். ஆறு ஆறரை இன்ச் ஸ்க்ரீன்ல 1080பிக்கும் 720பிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஆனா உடைஞ்ச 1080பியையும் சுத்தமான 720பியையும் பக்கத்துல வச்சா பாட்டி கூட சொல்லிடுவாங்க. அதனால ஃபோனுக்குன்னா 720பி தான் என்னோட முடிவு, ரொம்பப் பழைய ஃபோன், மெமரி ரொம்பக் கம்மின்னா மட்டும் 480பி.

எந்த சாஃப்ட்வேர்?

ஹேண்ட்பிரேக். 2003ல பிஇஓஎஸ்னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக ஆரம்பிச்சது, இன்னைக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடுது, ஓப்பன் சோர்ஸ், முழுக்க ஃப்ரீ, வாட்டர்மார்க் போடாது, "இதுக்கு மேல பண்ணணும்னா காசு கட்டு"ன்னு பாதில நிறுத்தாது. கூகுள்ல வீடியோ கன்வெர்ட்டர்னு தேடினா மேல வர்ற பாதி சாஃப்ட்வேர் ட்ரையல்னு சொல்லி அஞ்சு நிமிஷ வீடியோ மட்டும் மாத்திக் கொடுத்துட்டு நிக்கும், சிலது கூடவே வேண்டாத ப்ரோக்ராம் நாலு போட்டுட்டுப் போகும். ஆன்லைன்ல அப்லோட் பண்ணி கன்வெர்ட் பண்ற சைட் இருக்கே, அது நாலு நிமிஷ க்ளிப்புக்கு சரி, 20 ஜிபிய அப்லோட் பண்றது நடக்குற காரியம் இல்ல, அதுவும் குடும்பத்து வீடியோவ யார் சர்வர்லயோ கொண்டு போய் வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். ஹேண்ட்பிரேக்க அதோட சொந்த சைட்லயே எறக்குங்க, ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர், வேற எங்கயும் வேணாம். விண்டோஸ்ல போடும் போது டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம் வேணும்னு கேட்டா மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து அதையும் போட்டுக்கோங்க.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல இருக்கறத மொத்தமா கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. பென்டிரைவ்ல இருந்தே கன்வெர்ட் பண்ணா நடுவுல கனெக்‌ஷன் விட்டுப் போச்சுன்னா மூணு மணி நேர வேலை வீணாப் போகும், அதோட அந்த ஒரிஜினலுக்கு இன்னொரு காப்பி இருக்கறதும் நல்லது. சின்னதாக்கின ஃபைல் பாக்கறதுக்கு மட்டும் தான், அதுல இருந்து திரும்ப ஒரிஜினல் குவாலிட்டிய எடுக்கவே முடியாது. "அதான் சின்ன ஃபைல் இருக்கே"ன்னு ஒரிஜினல அழிக்கிறவங்களப் பாத்தா எனக்கு உண்மையாவே வயிறு எரியும். பத்து வருஷம் கழிச்சு பெரிய டிவில போட்டுப் பாக்கணும்னு தோணும் போது எங்க போவீங்க?

இப்ப ஹேண்ட்பிரேக்க ஓப்பன் பண்ணுங்க. ஃபைல இழுத்து அந்த ஜன்னல்ல விட்டா போதும், கொஞ்ச நேரம் ஸ்கேன் பண்ணும், அப்புறம் மேல ப்ரீசெட்னு, அதாவது ரெடிமேட் செட்டிங்னு, ஒரு இடம் இருக்கும், அதுல ஜெனரல்ங்கற தலைப்புக்குக் கீழ ஃபாஸ்ட் 720பி30ன்னு இருக்கறத செலக்ட் பண்ணுங்க. முக்கால்வாசி செட்டிங் இதுலயே சரியா விழுந்துடும். சம்மரி டேப்ல ஃபார்மட் எம்பி4ன்னு இருக்கான்னு பாருங்க, அங்கயே வெப் ஆப்டிமைஸ்டுன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டுடுங்க, வீடியோவோட அட்டவணைய ஃபைலோட முன்பக்கமே எழுதி வைக்கும், கூகுள் ட்ரைவ்ல போட்டு லிங்க் அனுப்பினா முழுசா எறங்கறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிக்க அது உதவும்.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம், ஃப்ரேம் ரேட். நம்ம ஊர்ல கல்யாணம் எடுக்குற கேமராக்காரங்க நிறைய பேர் செகண்டுக்கு 50 இல்ல 25 ஃப்ரேம்ல தான் எடுப்பாங்க, நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், மண்டபத்துல இருக்குற ட்யூப்லைட்டு மினுக்கு மினுக்குன்னு தெரியாம இருக்க அது தான் தோது. நம்ம ப்ரீசெட்ல 30ன்னு இருக்குல்ல, 50 ஃப்ரேம் வீடியோவ 30க்கு எறக்கினா சீரா வெட்ட முடியாது, ஒரு இடத்துல ஒரு ஃப்ரேம் விடும், இன்னொரு இடத்துல விடாது, கேமரா மெதுவா மண்டபத்தச் சுத்தி வர்ற ஷாட்ல அது லேசா குதிச்சுக் குதிச்சுத் தெரியும். 25ன்னு வச்சா சரியா ஒண்ணு விட்டு ஒண்ணு, கண்ணுக்கு உறுத்தாது. வீடியோ டேப்ல ஃப்ரேம்ரேட்ங்கற இடத்துல 25 செலக்ட் பண்ணி கான்ஸ்டன்ட்னு வைங்க. ஒரிஜினலே 25 இல்ல 30ன்னா சேம் அஸ் சோர்ஸ்னு விட்டுடுங்க, தொடவே வேணாம்.

அதே வீடியோ டேப்ல தான் நம்ம முக்கியமான வேலை இருக்கு, குவாலிட்டி. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆவரேஜ் பிட்ரேட், நீங்க 1,500ன்னு சொன்னா மொத்த வீடியோவுக்கும் சராசரியா அதுக்குள்ள முடிச்சுக் கொடுக்கும், சைஸ் முன்கூட்டியே தெரியும். இன்னொண்ணு கான்ஸ்டன்ட் குவாலிட்டி, ஆர்எஃப்னு ஒரு நம்பர் இருக்கும், நீங்க குவாலிட்டிய சொல்றீங்க, எந்த சீனுக்கு எவ்வளவு டேட்டா வேணுமோ அது அதுவே எடுத்துக்கும், சைஸ் முடிஞ்சப்புறம் தான் தெரியும். நம்பர் சின்னதா இருந்தா குவாலிட்டி அதிகம் சைஸும் அதிகம், பெருசானா ரெண்டும் குறையும், சுமாரா 6 கூட்டினா சைஸ் பாதியாகும்னு ஒரு கணக்கு. ஹேண்ட்பிரேக்காரங்களே 720பிக்கு 19ல இருந்து 23, 1080பிக்கு 20ல இருந்து 24, டிவிடி குவாலிட்டிக்கு 18ல இருந்து 22ன்னு சொல்றாங்க. ஃபோன் ஸ்க்ரீனுக்கு நான் 720பில 23 வைக்கச் சொல்வேன், 24 வரைக்கும் கூட போகலாம். "எனக்கு கண்டிப்பா 2 ஜிபிக்குள்ள வேணும்"னு இருந்தா மட்டும் ஆவரேஜ் பிட்ரேட் போங்க, அப்ப பக்கத்துல இருக்குற மல்ட்டி பாஸ் டிக் போட்டுக்கோங்க, ரெண்டு தடவ ஓடும், நேரம் அதிகமாகும், ஆனா டேட்டாவ எங்க கொட்டணும் எங்க மிச்சம் பிடிக்கணும்னு மொதல் ஓட்டத்துலயே தெரிஞ்சுக்கிட்டு ரெண்டாவது ஓட்டத்துல சரியா பிரிக்கும்.

என்கோடர்னு, அதாவது வீடியோவ எந்த முறையில சுருக்கணும்னு, இருக்குற இடத்துல எச்.264. இது 2003ல வந்த ஸ்டாண்டர்டு, இப்ப யார் கையில இருக்குற ஸ்மார்ட்ஃபோனும் இத தடையில்லாம ஓட்டும். 2013ல எச்.265 வந்துச்சு, அதே குவாலிட்டிக்கு கிட்டத்தட்ட பாதி சைஸ் தான்னு இலக்கு வச்சு செஞ்சது, நல்லாவே குறையும், ஆனா கன்வெர்ட் பண்ண நேரம் ரொம்ப எடுக்கும், பழைய ஃபோன்ல படம் நிக்கும் சவுண்டு மட்டும் போகும். 2018ல வந்த ஏவி1 இன்னும் சிக்கனம், ஆனா அத நேரடியா ஹார்டுவேர்ல ஓட்டுற ஃபோன் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் இருக்கும்னு நம்பி அனுப்ப முடியாது. உங்க சொந்த ஃபோனுக்கு மட்டும்னா எச்.265 போடுங்க, சேமிக்கலாம். பத்து பேருக்கு கொடுக்கப் போறீங்கன்னா எச்.264 தவிர வேற எதையும் யோசிக்காதீங்க. இன்னொண்ணு, அந்த லிஸ்ட்ல என்விஎன்க், க்யூஎஸ்வி அப்படின்னு சிலது இருக்கும், அது கிராஃபிக்ஸ் சிப் வச்சு வேகமா முடிக்கிற வழி, அவசரத்துக்கு ஓகே, ஆனா அதே சைஸ்ல எக்ஸ்264 (ஹேண்ட்பிரேக்ல எச்.264க்கு இருக்குற சாதாரண என்கோடர்) கொடுக்குற தெளிவு பொதுவா அதுல வராது. கல்யாண வீடியோ ஒரு தடவ பண்ணப் போறது, ராத்திரி போட்டுட்டுத் தூங்கினா காலைல ரெடியா இருக்கும், அவசரம் என்ன.

டெஸ்ட் பண்ணாம முழுசும் போடாதீங்க

இத கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா குவாலிட்டி போகுறது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி போகாது. மாப்பிள்ளை பொண்ணு மேடையில அசையாம நிக்க, சொந்தக்காரங்க வரிசையா வந்து கிஃப்ட் கொடுத்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போற சீன் மணிக்கணக்கா இருக்கும், அது எந்த செட்டிங்லயும் நல்லாத்தான் வரும், பின்னாடி இருக்குற அலங்காரம் மாறவே மாறாது, கம்ப்ரெஷனுக்கு அத விட சுலபமான வேலை இல்ல. கஷ்டமே முகூர்த்தத்துல தான். கெட்டிமேளம் கொட்டுற அந்த சில செகண்ட்ல நாலாபக்கமும் இருந்து அட்சதை பறக்குது, ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில போகுது, ஓமப்புகை மேல எழும்பி முகத்த லேசா மறைக்குது, ஸ்டில் கேமராவோட ஃப்ளாஷ் படபடன்னு அடிச்சு ஒரு ஃப்ரேம் வெள்ளையா அடுத்தது இருட்டா மாறுது, கூரைப்புடவை ஜரிகை வெளிச்சத்துல மினுங்குது. முந்தின ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் என்ன மாறுச்சோ அத மட்டும் எழுதி வைக்கிறது தான் கம்ப்ரெஷனோட அடிப்படையே, இங்க எல்லாமே மாறுது, அதனால டேட்டா பத்தலன்னா மொதல்ல உடையறது இந்த இடம் தான். எல்லாரும் திரும்பத் திரும்ப போட்டுப் பாக்கப் போறதும் இதே இடம் தான்.

அதனால தாலி கட்டுற இடம் வீடியோவுல எத்தனாவது நிமிஷம்னு பாத்து வச்சுக்கோங்க. ஹேண்ட்பிரேக்ல மேல ரேஞ்ச்னு ஒரு இடம் இருக்கும், சாப்டர்ஸ்னு இருக்கறத செகண்ட்ஸ்னு மாத்தி, தாலி கட்டுறதுக்கு பத்து செகண்ட் முன்னாடில இருந்து ஒரு நிமிஷம் மட்டும் குடுத்து கன்வெர்ட் பண்ணுங்க. சீக்கிரமே முடிஞ்சிடும். அந்த க்ளிப்ப ஃபோனுக்கு அனுப்பி ஃபோன்லயே பாருங்க, கம்ப்யூட்டர் மானிட்டர்ல பாத்து முடிவு பண்ணாதீங்க. அட்சதை தனித்தனி அரிசியா தெரியுதா இல்ல வெள்ளையா ஒரு படலமா இழுக்குதா, பொண்ணு முகம் புகைக்குப் பின்னாடி தெளிவா இருக்கா இல்ல மெழுகு பூசின மாதிரி வழவழன்னு ஆயிடுச்சா, பட்டோட பார்டர் கோடு தெரியுதா, இத மூணையும் பாருங்க. சரியில்லன்னா ஆர்எஃப்ப 23ல இருந்து 21க்கு எறக்கி மறுபடி ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க. அந்த சீன் பாஸாயிட்டா மிச்ச மூணு மணி நேரமும் தானா பாஸ். ரிசப்ஷன் இருட்டு மண்டபத்துல எடுத்ததா இருந்தா இன்னொரு பிரச்சனை வரும், வெளிச்சம் பத்தாம படத்துல மணல் தூவின மாதிரி புள்ளி ஆடும், அந்தப் புள்ளியெல்லாம் கம்ப்ரெஷனுக்கு அசைவு தான், சைஸ அநியாயத்துக்கு ஏத்தும். ஃபில்டர்ஸ் டேப்ல டீநாய்ஸ் இருக்கு, அத லைட்னு வச்சா புள்ளியும் அடங்கும் சைஸும் குறையும், அதுக்கு மேல ஏத்தினா முகத்துல இருக்குற உயிர் போயிடும்.

ஆடியோவுக்கு வருவோம். இங்க நிறைய பேர் கஞ்சத்தனம் பண்ணுவாங்க, 64 கேபிபிஎஸ், மோனோன்னு வச்சுடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, மூணு மணி நேரத்துக்கு 128க்கும் 64க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 86 எம்பி, 2 ஜிபி ஃபைல்ல அது ஒண்ணுமே இல்ல. ஆனா கேக்குறதுல வித்தியாசம் பெருசு. நாதஸ்வரத்தோட சத்தத்துல மேல்ஸ்தாயி ஒலி ஏராளமா இருக்கு, தவில் ஒவ்வொரு அடியும் சடார்னு எழும்பி சடார்னு அடங்குது, குறைஞ்ச பிட்ரேட் ஆடியோவுக்கு இது ரெண்டுமே ஆகாது, நாதஸ்வரம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும், தவில் அடி மழுங்கிப் போயிடும். கோடெக் ஏஏசி, பிட்ரேட் 128, ஸ்டீரியோ, அவ்வளவு தான், அதுல கை வைக்காதீங்க. சில ஸ்டூடியோ ஏசி3ங்கற டால்பி முறைல ஆடியோ போட்டுக் கொடுப்பாங்க, அத பாஸ்த்ரூன்னு, அதாவது மாத்தாம அப்படியே, விட்டா சில ஃபோன் ப்ளேயர்ல படம் மட்டும் ஓடும் சத்தம் வராது, அதனால ஆடியோ டேப்ல கோடெக் ஏஏசின்னு தான் இருக்கான்னு ஒரு தடவ உறுதி பண்ணிக்கோங்க.

அப்பா அம்மா கல்யாணம் டிவிடில இருக்குன்னா வழி கொஞ்சம் மாறும். டிவிடிய கம்ப்யூட்டர்ல போட்டா வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், உள்ள ஒரு ஜிபி ஒரு ஜிபியா விஓபின்னு முடியற ஃபைல் இருக்கும். அத ஒவ்வொண்ணா எடுத்துப் போடாதீங்க, அது ஒரே வீடியோ தான், டிவிடி முறைக்காக துண்டு போட்டு வச்சது. முழு ஃபோல்டரையும் ஹேண்ட்பிரேக்ல விட்டா அதுவே சேத்து ஒரே டைட்டிலா காட்டும். நம்ம ஊர் டிவிடி 720க்கு 576 சைஸ், அத 720பிக்கோ 1080பிக்கோ பெருசாக்குறதுல எந்த லாபமும் இல்ல, இல்லாத விவரம் புதுசா வராது, ஃபாஸ்ட் 576பி25 ப்ரீசெட் எடுத்து ஆர்எஃப் 20 வைங்க. இதுல கட்டாயம் பாக்க வேண்டியது டீஇன்டர்லேஸ். பழைய டிவிக்காக ஒரு படத்த ஒத்தப்படை வரி, ரெட்டப்படை வரின்னு ரெண்டா பிரிச்சு எடுத்த வீடியோ அது, அப்படியே கன்வெர்ட் பண்ணா யாராவது வேகமா நடந்தாலோ கைய ஆட்டினாலோ ஓரத்துல கோடு கோடா படம் கிழியும். ஃபில்டர்ஸ்ல டீஇன்டர்லேஸ்ங்கற இடத்துல யாடிஃப் இல்ல பிடபிள்யூடிஃப் செலக்ட் பண்ணா அது போயிடும். முன்ன எம்டிஎஸ் ஃபைலா கேமராவுல இருந்து அப்படியே கொடுத்த ஹெச்டி வீடியோவுலயும் இந்தப் பிரச்சனை இருக்கலாம், மீடியாஇன்ஃபோல இன்டர்லேஸ்டுன்னு காட்டினா ஃபில்டர் போடுங்க, ப்ரோக்ரெஸிவ்னு காட்டினா வேணாம். பழைய டிவிடில கீறல் விழுந்திருந்தா நேரா டிவிடில இருந்து கன்வெர்ட் பண்ணாம மொதல்ல ஃபோல்டர ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிப் பாருங்க, எங்க நிக்குதுன்னு அங்கயே தெரிஞ்சிடும்.

ஃபோன்லயே செங்குத்தா எடுத்த வீடியோ இருந்தா, டைமென்ஷன்ஸ் டேப்ல கடைசி சைஸ் என்ன காட்டுதுன்னு கண்டிப்பா பாருங்க. 720பிங்கறது உயரம் 720ன்னு எடுத்துக்கிட்டா செங்குத்து படம் 405க்கு 720ன்னு ரொம்பச் சின்னதா குறைஞ்சிடலாம். ரெசல்யூஷன் லிமிட்ட கஸ்டம்னு மாத்தி அகலம் 720, உயரம் 1280ன்னு கொடுங்க.

இனி பிரிக்கிற விஷயம். மூணு மணி நேரத்த ஒரே ஃபைலா கொடுக்கறத விட துண்டு துண்டா கொடுக்கறது ரொம்ப நல்லது. ஒரு காரணம் டெக்னிக்கல், எஃப்ஏடி32ங்கற பழைய முறைல ஃபார்மட் ஆன மெமரி கார்டுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறவே ஏறாது, கார்டுல 20 ஜிபி காலியா இருந்தாலும் இடம் இல்லைன்னோ ஃபைல் பெருசுன்னோ சொல்லும், 32 ஜிபி வரைக்கும் இருக்குற கார்டு பெரும்பாலும் அப்படித்தான் வரும். இன்னொரு காரணம் பாக்குறவங்களுக்காக. பாட்டி நலங்கு மட்டும் பாக்கணும்னு நினைச்சா, மூணு மணி நேர வீடியோவுல விரல வச்சு தேய்ச்சு அந்த இடத்தக் கண்டுபிடிக்கிறது அவங்களால முடியாது. ரேஞ்ச்ல செகண்ட் கணக்கு கொடுத்து ஒவ்வொரு பகுதியையும் ஆட் டு கியூ பண்ணிட்டே வாங்க, பேர் 01 நிச்சயதார்த்தம், 02 மாப்பிள்ளை அழைப்பு, 03 முகூர்த்தம், 04 நலங்கு, 05 ரிசப்ஷன்னு வைங்க, முன்னாடி நம்பர் இருந்தா ஃபோன்லயும் அதே வரிசைல நிக்கும். எல்லாம் கியூவுல சேந்ததும் ஸ்டார்ட் கியூ. வென் டன்ங்கற இடத்துல ஷட்டவுன்னு வச்சா முடிஞ்சதும் கம்ப்யூட்டர் தானே ஆஃப் ஆயிடும். லேப்டாப்னா சார்ஜர் சொருகி, ஸ்லீப் மோட ஆஃப் பண்ணி, மெத்தை மேல வைக்காம மேஜை மேல வைங்க, மணிக்கணக்குல ப்ராசஸர் முழு வேகத்துல ஓடும், நல்லாவே சூடாகும்.

அனுப்புறதுல ஒரு எச்சரிக்கை. இவ்வளவு பாத்துப் பாத்து செஞ்ச ஃபைல வாட்ஸ்அப்ல சாதாரண வீடியோவா அனுப்பினா அது தன் பங்குக்கு இன்னொரு தடவ நசுக்கும், நீங்க பட்ட பாடெல்லாம் போச்சு. டாக்குமெண்ட்னு அட்டாச் பண்ணி அனுப்புங்க, 2022ல இருந்து 2 ஜிபி வரைக்கும் அப்படி அனுப்பலாம், உள்ள கை வைக்காம அப்படியே போய்ச் சேரும். டெலிகிராம்லயும் 2 ஜிபி வரைக்கும் ஃபைலா அனுப்பலாம். தாலி கட்டுற ரெண்டு நிமிஷம் மட்டும் க்ரூப்ல எல்லாரும் உடனே பாக்குற மாதிரி சின்னதா வேணும்னா மொத்தம் 1,000 கேபிபிஎஸ்னு வைங்க, 120 செகண்டுக்கு 15 எம்பி தான் வரும், டேட்டா கம்மியா இருக்கறவங்களும் தொறந்துடுவாங்க. பக்கத்துலயே இருக்கறவங்களுக்கு நெட்டே வேணாம், யூஎஸ்பி கேபிள் இல்ல ஆண்ட்ராய்டு ஃபோன்ல இருக்குற க்விக் ஷேர் போதும்.

ஜியோஃபோன் மாதிரி பட்டன் ஃபோன் வச்சிருக்கற பெரியவங்களையும் விட்டுடாதீங்க. அந்த ஸ்க்ரீன் 2.4 இன்ச், 320க்கு 240 தான், அதுக்கு 720பி அனுப்பினா திணறும். டைமென்ஷன்ஸ்ல அகலம் 320ன்னு வச்சு, வீடியோ டேப்ல ப்ரொஃபைல் பேஸ்லைன்னு மாத்தி, பிட்ரேட் 300 வைங்க, ஆடியோ மட்டும் 96க்குக் கீழ போகாதீங்க, சின்ன ஸ்க்ரீன்ல படத்த விட சத்தம் தான் அவங்களுக்கு துணை. முழு கல்யாணமும் வேணாம், முகூர்த்தம் ஒரு பகுதி, குடும்பம் எல்லாம் மேடையேறி ஆசீர்வாதம் பண்ற பகுதி ஒண்ணு, அது போதும்.

கம்ப்யூட்டரே இல்லைன்னா ஃபோன்லயே எடிட்டிங் ஆப்ல போட்டு எக்ஸ்போர்ட் பண்ணும் போது 720பி, 25 இல்ல 30 ஃப்ரேம்னு செலக்ட் பண்ணி சேவ் பண்ணலாம், சில ஆப்ல பிட்ரேட் கூட கேக்கும். அஞ்சு பத்து நிமிஷ க்ளிப்புக்கு இது தாராளமா போதும், மூணு மணி நேரத்துக்கு வேணாம், ஃபோன் கொதிக்கும், பாதில ஆப் மூடிக்கும். தெரிஞ்ச யார்கிட்டயாவது லேப்டாப் இருந்தா ஒரு ராத்திரி கேட்டு வாங்குங்க. எடுக்கும் போதே யோசிச்சா இன்னும் நல்லது, ஐஃபோன்ல ஹை எஃபிஷியன்சில ஒரு நிமிஷ வீடியோவுக்கு 1080பி 30ல சுமார் 60 எம்பி, அதையே 4கே 60ல வச்சா 400 எம்பின்னு அதோட செட்டிங்ஸ்லயே போட்டிருக்கும். வீட்டு விசேஷத்த ஃபோன்ல எடுக்கறப்ப 1080பி 30 வச்சுக்கிட்டா பின்னாடி சுருக்குற வேலையே பாதி குறைஞ்சிடும்.

எல்லாம் முடிஞ்சு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலையும் ஃபோன்ல போட்டு ஆரம்பம், நடு, கடைசி அஞ்சு நிமிஷம்னு மூணு இடத்துல பாருங்க. கடைசில பாக்குறது ரொம்ப முக்கியம், வாய் அசைவும் சத்தமும் விலகிப் போறது ஆரம்பத்துல தெரியாது, போகப் போகத் தான் தள்ளித் தெரியும், முக்கியமா ஃபோன்ல எடுத்த வீடியோவுல, ஏன்னா ஃபோன் ஃப்ரேம் ரேட்ட நிலையா வைக்காம ஏத்தி எறக்கும். அப்படி விலகுச்சுன்னா ஃப்ரேம்ரேட் கான்ஸ்டன்ட்னு வச்சு மறுபடி கன்வெர்ட் பண்ணுங்க. படம் திக்கினா எச்.265ல போட்டுட்டீங்களான்னு பாருங்க, இல்ல ஒரிஜினல் 10 பிட்ல (வழக்கமான 8 பிட்ட விட நிற விவரம் அதிகம்) இருந்து அப்படியே 10 பிட்டாவே வந்திருக்கும், என்கோடர்ல 10 பிட்னு போடாத வெறும் எச்.264 வச்சா சரியாகும். சத்தம் மட்டும் வரலன்னா ஆடியோ ஏசி3லயே போயிருக்கு, படத்த மறுபடி கன்வெர்ட் பண்ணக் கூட வேணாம், அந்த ஃபோன்ல விஎல்சி போட்டுக் கொடுத்தாலே கேக்க ஆரம்பிச்சிடும்.